கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு: வீட்டில் குவிந்த குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் முறை

பண்டிகை முடிந்த வாரத்தில் வீட்டில் சேர்வதில் பெரும்பாலானவை திரும்பப் பயன்படக்கூடிய சரக்குதான். அட்டைப்பெட்டி, காகிதம், கண்ணாடி பாட்டில், அலுமினிய ஃபாயில் எல்லாமே அப்படித்தான். அவை வீணாவது கலப்பதால். அதே பையில் சாப்பாட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டால், சற்றுமுன் வரை நன்றாக இருந்த காகிதம் முழுவதும் கெட்டுவிடும். அதனால் முதலில் காகிதமும் அட்டையும், பிறகு மின்சாதனங்கள், அடுத்துப் பாட்டில், டப்பாக்கள், அதன்பின் சமையலறை, கடைசியில் மரம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தேவையானவை: நான்கு பெரிய பெட்டிகள் (வந்த பார்சல் பெட்டிகளே போதும்), அட்டை கட்டர், கத்தரிக்கோல், சிறிய ஸ்க்ரூடிரைவர், செல்லோ டேப், பேட்டரி போட ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா, கையுறை.

தொடங்குமுன், உங்கள் பகுதியில் குப்பை எடுப்பவர்கள் எதை எடுக்கிறார்கள், எதை எடுப்பதில்லை என்ற பட்டியலைப் பாருங்கள். தெர்மாகோல், மெல்லிய பிளாஸ்டிக், பால் அட்டைப்பெட்டி ஆகிய மூன்றிலும் ஊருக்கு ஊர் விதி மாறும். கீழே உள்ளதற்கும் அந்தப் பட்டியலுக்கும் முரண் இருந்தால் பட்டியல் சொல்வதே சரி.

படி 1: பரிசுக் காகிதம்

ஒவ்வொரு தாளையும் கையில் கசக்கி உருட்டி, விரல்களை விரியுங்கள். உருண்டை அப்படியே இருந்தால் காகிதம். மெல்ல விரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அது பிளாஸ்டிக் படலம், அல்லது பிளாஸ்டிக் பூசியது. பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. ஜிகினாத்தூள் ஒட்டிய தாள் கசங்கி அப்படியே நிற்கும், தேறியதுபோலத் தெரியும். ஆனால் அந்தத் தூள் பிளாஸ்டிக். ஆலையில் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது அது எல்லா இடத்திலும் பரவிவிடும். விரலால் தேய்த்து மினுமினுப்பு ஒட்டினால் குப்பைதான்.

ரிப்பன், ஒட்டுப் பூ, நீளமான டேப் ஆகியவற்றை உரித்துவிடுங்கள். நகத்தளவு டேப் தங்கிவிட்டால் கவலை இல்லை, ஆலைச் சல்லடை பிடித்துக்கொள்ளும். கிழியாத ரிப்பனையும் பரிசுப் பைகளையும் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு அவை அப்படியே உதவும்.

வாழ்த்து அட்டை சாதாரணமானால் காகிதத்தோடு போகலாம். திறந்தால் பாடும் அட்டையைக் காகிதப் பெட்டியில் போடாதீர்கள். அதன் தடித்த பக்கத்தைப் பிரித்தால் சிறு ஒலிபெருக்கியும் பட்டன் செல்லும் இருக்கும். அவற்றை எடுத்துப் படி 3-க்கு ஒதுக்குங்கள்.

படி 2: அட்டைப்பெட்டி

உள்ளே இருக்கும் தெர்மாகோல், பபுள் ராப், சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஓரத்து டேப்பைக் கட்டரால் வெட்டித் தட்டையாக்கி, சணல் கயிற்றால் கட்டுங்கள். பிரிக்காமல் வைத்த பெட்டி பெரும்பாலும் காற்றைத்தான் அடைத்து வைத்திருக்கிறது.

கேக் பெட்டியின் அடியில் வெண்ணெய்க் கறை படிந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மூடியைச் சேர்க்கலாம். எண்ணெய் காகித நாரோடு ஒட்டிக்கொண்டால் கூழில் பிரியாது, புதிய காகிதத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் வரும். வெட்டியெடுத்த துண்டில் பிளாஸ்டிக் பூச்சு இல்லையென்றால் தூக்கி எறியாதீர்கள், படி 5-இல் அதற்கு வேலை இருக்கிறது. மெல்லிய டிஷ்யூ, நாப்கின் ஆகியவற்றின் நார் மிகவும் குட்டை, மீண்டும் காகிதமாகாது. அவற்றையும் அங்கேயே போடலாம்.

படி 3: பேட்டரி, சீரியல் லைட், உடைந்த பொம்மை

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். குப்பை வண்டியில் நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடித்து எரியக்கூடும். மற்ற தவறுகளால் சரக்குதான் வீணாகும், இதனால் ஆளுக்கே ஆபத்து.

1. உடைந்த பொம்மை, ரிமோட், மினுக்கும் அலங்காரம் ஒவ்வொன்றின் பேட்டரி மூடியையும் ஸ்க்ரூடிரைவரால் திறந்து செல்களை எடுங்கள். உள்ளேயே பொருத்தப்பட்ட சார்ஜ் பேட்டரியைக் கத்தியால் நெம்ப வேண்டாம். அந்தப் பொருளை முழுதாக மின்கழிவில் கொடுங்கள்.
2. பட்டன் செல், லித்தியம் செல், 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால், ஃபாயில் துண்டு ஒன்று பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கலாம்.
3. டப்பாவில் போட்டு, மின்கழிவு மையத்தில் கொடுக்கும்வரை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பட்டன் செல்லை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். தீர்ந்துபோன செல்லிலும் அதற்குப் போதிய மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
4. உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. எரியும் பொருள் இல்லாத இடத்தில் மணல்மேல் வைத்துவிட்டு, பிறகு உப்பியிருப்பதைச் சொல்லி மின்கழிவு மையத்தில் ஒப்படையுங்கள்.

சீரியல் லைட்டைப் பாட்டில், டப்பாக்களோடு போடாதீர்கள். பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் ஒயர் சுற்றிக்கொண்டால் மொத்த வேலையும் நிற்கும். அதற்கும் மின்கழிவுதான் வழி. கொடுக்குமுன் ஒருமுறை சோதியுங்கள். ஒரு பகுதி மட்டும் எரியவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தப் பகுதி பல்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தளர்ந்த ஒரு பல்புதான் பல நேரம் காரணம். செம்புக்காக ஒயரை எரிப்பது மட்டும் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் ஆகிய நச்சுகள் வெளியாகும்.

படி 4: கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக்

பாட்டில்களையும் டப்பாக்களையும் ஒருமுறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். சோப்புப் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை. கண்ணாடிப் பெட்டியில் பாட்டிலும் ஜாடியும் மட்டுமே. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம் வேறு வெப்பநிலையில் உருகுவதால் புதிய பாட்டிலில் கட்டியாக நின்றுவிடும். உடைந்த அலங்காரக் குண்டும் இதில் சேராது. அதைத் தடித்த காகிதத்தில் சுற்றி, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதிக் குப்பையில் போடுங்கள்.

ஃபாயில் துண்டுகளைத் துடைத்து, எல்லாவற்றையும் சேர்த்து முஷ்டி அளவு உருண்டையாக்குங்கள். துண்டு துண்டாகப் போட்டால் சல்லடையில் விழுந்து தொலையும். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். இந்தச் சிறு உருண்டைக்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்வது அதனால்தான்.

பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 1, 2 பெரும்பாலான இடங்களில் எடுக்கப்படும், 5 பல இடங்களில். 3, 6, 7 அரிது. கறுப்புத் தட்டுகள் நல்ல பிளாஸ்டிக்காகவே இருந்தாலும், கறுப்பு நிறமி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் இயந்திரம் அவற்றை அடையாளம் காணாது.

படி 5: சமையலறை

காய்கறித் தோல், பழம், முட்டையோடு, தேயிலை எல்லாம் உரமாகும். 20 லிட்டர் வாளியின் பக்கங்களிலும் அடியிலும் 8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, அடியில் 5 சென்டிமீட்டருக்குக் கிழித்த அட்டையைப் பரப்புங்கள். பிறகு ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு அட்டை அல்லது காய்ந்த இலை. படி 2-இல் ஒதுக்கிய துண்டுகள் இங்கே தீரும். 3, 4 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். பிழிந்த பஞ்சுபோல் ஈரம் இருந்தால் சரி.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை என்று பொருள். அட்டை சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது, அதற்கும் அட்டைதான் மருந்து. வாரக்கணக்கில் மாற்றமே இல்லையா? காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். இறைச்சி, எலும்பு, க்ரீம் கேக் ஆகியவற்றை வீட்டு வாளியில் போட்டால் எலியும் ஈயும் வரும்.

பொரித்த எண்ணெய் ஆறியதும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாயில் உறைந்து அடைக்கும்.

படி 6: மரம்

உண்மை மரமானால் ஜிகினாச் சரம், கம்பி, கொக்கி எல்லாவற்றையும் கழற்றிய பிறகே மரத்தூளாக்கக் கொடுக்க வேண்டும். செயற்கைப் பனி தெளித்த மரத்தை எடுக்க மாட்டார்கள். வீட்டுக் கணப்பில் எரிக்காதீர்கள், பிசின் வெடித்துப் பொறி பறக்கும்.

பிளாஸ்டிக் மரம் பிவிசியும் இரும்பும் பின்னியது, மறுசுழற்சி கிட்டத்தட்ட நடக்காது. பிரிட்டனின் கார்பன் ட்ரஸ்ட் என்ற பருவநிலை ஆலோசனை அமைப்பின் கணக்குப்படி 2 மீட்டர் பிளாஸ்டிக் மரத்தின் கார்பன் சுமை (வெளியாகும் பசுமைக்குடில் வாயு, கார்பன் டையாக்சைடு அளவில்) ஏறக்குறைய 40 கிலோ. தூளாக்கப்படும் உண்மை மரத்துக்கு அது 3.5 கிலோ. ஏற்கெனவே வாங்கியிருந்தால் 12 ஆண்டாவது வைத்திருங்கள். கிளைகளைக் கீழிருந்து மேலாக மடக்கி, துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பிவிசி இலை சீக்கிரம் நொறுங்காது.

வெளியே வைக்கும் நாள்

காகிதக் கட்டை முந்தைய இரவே வைக்காதீர்கள். பனியோ மழையோ பட்டால் படி 1-உம் 2-உம் வீண். மறுசுழற்சிப் பொருளைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டும் வைக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் பல மையங்களில் பையோடு குப்பைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். எதில் போடுவது என்று ஒரு பொருளில் குழப்பம் தீரவே இல்லையென்றால் அதைக் குப்பையில் போடுங்கள்.