பேட்டையில் ஒரு சார்ஜர் பட்டறை: பி.ஐ.எஸ். பதிவுக்குப் போகுமுன் மேசையிலேயே பார்க்க வேண்டியவை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மொபைல் உதிரிக் கடைக்குப் புது சார்ஜர் கொண்டுபோனால், விவரமான கடைக்காரர் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, ஆர் நம்பர் இருக்கா?" 'ஆர்' எழுத்தும் அதன்பின் எட்டு இலக்கமும் கொண்ட, இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) தரும் அந்தப் பதிவு எண் இல்லாமல் மொபைல் சார்ஜரைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி செல்லாது. கட்டாயப் பதிவுக்கான ஆணை முதலில் 2012-இல் வந்தது. இப்போது நடப்பது அதன் இடத்தில் வந்த 2021-ஆம் ஆண்டு ஆணை.

பேட்டையிலோ கங்கைகொண்டானிலோ சிறிய அளவில் 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் செய்யத் தொடங்குபவருக்காக இந்த விளக்கம். படிவம் நிரப்புவது கடினமான வேலை இல்லை. போர்டு (மின்சுற்றுப் பலகை) வரையும்போது குறைத்துவிட்ட 2 மி.மீ. இடைவெளிதான் பின்னால் பணத்தைத் தின்னும்.

படி 1: யார் பெயரில், எந்தத் தரத்தில்

பதிவு தொழிற்சாலைக்குத்தான், கடைக்காரருக்கோ விநியோகஸ்தருக்கோ கிடையாது. ஒரே நிறுவனத்துக்குப் பேட்டையில் ஒரு கூடமும் தென்காசியில் ஒரு கூடமும் இருந்தால் இரண்டு பதிவு வேண்டும். மொபைல் சார்ஜர்களுக்கு நெடுங்காலம் ஐ.எஸ். 13252 (பகுதி 1) தரம் இருந்தது. அதன் இடத்துக்கு ஐ.எஸ்./ஐ.இ.சி. 62368-1 வருகிறது. சோதனைக்கு மாதிரி அனுப்பும் நாளில் எது செல்லும் என்று சோதிக்கும் ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: போர்டின் நடுவே ஒரு வெற்று வீதி

230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் கை தொடும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே செம்பே இல்லாத ஒரு பாதை தேவை. 250 வோல்ட் வேலை மின்னழுத்தத்துக்கு, சாதாரண போர்டுப் பொருளில், மேற்பரப்பு வழியே குறைந்தது 5 மி.மீ., காற்று வழியே 4 மி.மீ. இதைப் பழைய தரமே கேட்கிறது. 6.5 மி.மீ.க்குக் குறையாமல் வரையுங்கள். சால்டர் வழிந்தாலும் பாகம் சாய்ந்தாலும் கணக்கு கெடாது.

இரு பக்கத்துக்கும் நடுவே ஒளி வழியாகச் சைகையை மட்டும் கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கால்களுக்கு நடுவே 7.62 மி.மீ. இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் சால்டர் பேடுகள் இரு பக்கமும் அந்த இடத்தைத் தின்றுவிடும். அங்கே போர்டில் ஒரு துளைக்கோடு வெட்டினால் மேற்பரப்புத் தூரம் கூடும். அதன் அகலம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் ஆய்வகம் அதைக் கணக்கிலேயே சேர்க்காது.

டிரான்ஸ்பார்மர் சுருள்களின் நடுவே இருக்கும் ஃபெரைட் கோரையும் கடத்தும் பொருளாகவே எண்ணுங்கள். மின்வரத்துப் பக்கச் சுருளும் கோரும் நெருங்கி இருந்தால், வெளியீட்டுக் கால்களிலிருந்து கோருக்கும் அதே இடைவெளி வேண்டும். வெளியீட்டுச் சுருளுக்கு மூன்றடுக்குக் காப்பு (இன்சுலேஷன்) போட்ட கம்பி போட்டால் பாதித் தலைவலி தீரும்.

படி 3: பாகங்களின் பட்டியல்

ஃபியூஸ், எக்ஸ் மின்தேக்கி (மின்வரத்தின் இரு கம்பிக்கு நடுவே வருவது), ஒய் மின்தேக்கி (மின்வரத்துப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே வருவது), ஆப்டோகப்ளர், டிரான்ஸ்பார்மர், பிளாஸ்டிக் கூடு, போர்டு: ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர், மாடல், மதிப்பு, சான்றிதழ் எண் எழுதுங்கள். இரு பக்கத்தையும் தனியொன்றாக இணைக்கும் மின்தேக்கி, ஒய் மின்தேக்கிகளில் உறுதி கூடிய ஒய்1 வகையாகவே இருக்கட்டும். சந்தையில் கிடைத்த சாதாரண நீல நிற வட்ட மின்தேக்கி பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஆனால் சான்று இருக்காது.

படி 4: ஆய்வகம் செய்வதை முதலில் நீங்கள் செய்யுங்கள்

காப்புச் சோதனையில் இரு பக்கத்துக்கும் நடுவே 3000 வோல்ட் ஏ.சி.யை ஒரு நிமிடம் ஏற்றுவார்கள். உயிரைப் பறிக்கும் வேலை இது. கருவியும் பழகிய ஆளும் இல்லாவிட்டால் தொடாதீர்கள். பட்டறையில் 500 வோல்ட் மெகர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) போதும்: மின்வரத்துப் பின்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, வெளியீட்டின் இரு முனையையும் சேர்த்து மறுமுனை. ஆய்வகம் ஈரக்காற்றில் குறைந்தது 48 மணி நேரம் வைத்த பிறகே 3000 வோல்ட் ஏற்றும். காய்ந்த போர்டு தேறி, ஈரம் பட்டதும் தோற்றால், கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) கறையை முதலில் சந்தேகியுங்கள். கடற்காற்று வீசும் தூத்துக்குடியில் விற்கப் போகிற பொருள் என்றால் இதில் சலுகையே வேண்டாம்.

அடுத்து லேபிள். 100–240 வோல்ட், 0.2 ஆம்பியர் என்று அச்சடித்துவிட்டு, 100 வோல்ட்டில் முழுச்சுமையில் அளந்தால் 0.25 வரும். அச்சிட்டதைவிடப் பத்து சதவீதம் மட்டுமே கூடலாம், அதாவது 0.22. இந்தச் சின்னத் தவறுக்கு அறிக்கையே திரும்பி வரும், அளந்த பிறகு அச்சடியுங்கள். லேபிளை நீர் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலிய ஸ்பிரிட் நனைத்த துணியால் 15 விநாடி தேய்ப்பார்கள். எழுத்து படிக்கும்படி நிற்க வேண்டும், ஓரம் சுருளக் கூடாது.

நேராகச் சுவரில் செருகும் சார்ஜரை 1 மீட்டர் உயரத்திலிருந்து மரத்தளத்தில் மூன்று முறை போடுவார்கள். கூடு திறந்து உள்ளே விரல் போனால் தோல்வி. ஒட்டுப்பசையை நம்பாதீர்கள், அல்ட்ராசானிக் வெல்டிங்கே மேல்.

பழுதுச் சோதனைதான் மாதிரிகளைக் காலி செய்யும். பிரிட்ஜ் டையோடு, பெரிய மின்தேக்கி, மாஸ்ஃபெட் என ஒவ்வொன்றையும் ஷார்ட் செய்து பார்ப்பார்கள். சார்ஜர் செத்துப்போகலாம், தீ வெளியே வரக் கூடாது, காப்பு உடையக் கூடாது. ஆகவே உதிரி போர்டுகளையும் வெல்டு செய்யாத கூடுகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கழற்றிய சார்ஜரின் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

படி 5: விண்ணப்பம்

மாதிரி பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பம் இணையவழியே. அறிக்கை வந்து 90 நாளுக்குள் போட்டுவிடுங்கள், தள்ளினால் சோதனைச் செலவு மறுபடியும். தொழிற்சாலை உரிமச் சான்றில் இருக்கும் முகவரி, அறிக்கையில் இருக்கும் முகவரி, பிராண்டு எழுத்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். 'பேட்டை' ஒன்றிலும் 'பேட்டை தொழிற்பேட்டை' இன்னொன்றிலும் இருந்தால் கேள்வி வரும்.

முதல் பதிவு 2 ஆண்டுக்கு. அதற்குள் ஒய் மின்தேக்கி கிடைக்கவில்லை என்று வேறு கம்பெனியுடையதைப் போட்டுவிட்டால், சந்தையிலிருந்து எடுக்கும் மாதிரி பட்டியலோடு ஒத்துப்போகாது. மாற்றுப் பாகத்தைத் தொடக்கத்திலேயே பட்டியலில் சேர்த்துச் சோதித்துக்கொள்வது செலவு குறைந்த வழி.

எண் கையில் வந்ததும், ஸ்டிக்கர் அச்சுக்குப் போகுமுன் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். அதில் வரும் பெயர், முகவரி, பிராண்டு, மாடல் நான்கும் உங்கள் பெட்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் அச்சடிக்கலாம்.