சொந்தக் கதை எழுதும்முன் ஒருமுறை பேசிப் பாருங்கள்

பாட்டியைப் பற்றி எழுத ஆசை இருக்கும். உட்கார்ந்தால் "அன்பின் மறு உருவம் என் பாட்டி" என்பதற்கு மேல் நகராது. அதற்கு நான் செய்வது இது. கைபேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு, மைக் படத்தைத் தொட்டு, தங்கையிடம் சொல்வதுபோல் பேசிவிடுகிறேன்; பேசுவது எழுத்தாக விழும். பேசும்போது பெரிய வார்த்தைகள் வராது. பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையோடு மடித்து வைத்திருந்த பத்து ரூபாயை எடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று உள்ளங்கையில் வைத்து அழுத்தியதுதான் வரும். படிப்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரே மூச்சில் நெடுநேரம் பேசாதீர்கள்; இரண்டு மூன்று வாக்கியம், அப்புறம் ஒரு நிறுத்தம். பெயர்களும் ஊர் வழக்குச் சொற்களும் தப்பாக விழும், ல, ள, ழ இடம் மாறும். அன்றே திருத்திவிடுங்கள். மறுநாள் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாது.

சரி, ஒரு நாள் ஆறப்போட்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். "மிகவும்", "உண்மையிலேயே" எல்லாம் பாதி தானாக உதிரும். கடைசிப் பத்தியில் அறிவுரை எட்டிப்பார்த்தால் அதையும் எடுத்துவிடலாம்; என் கதைகள் பலவும் அதற்கு முந்தைய வரியிலேயே முடிந்திருந்தன.

வீட்டு மனிதர்களைப் பற்றி எழுதினால், வெளியிடும் முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். என் அத்தை இரண்டு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அன்று மாலை, நான் கேள்விப்பட்டே இராத ஒரு கதையைச் சொன்னார்.