பழவேற்காட்டுக்குத் தூண்டில் எடுத்துப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காடு 50 கிலோமீட்டர் சொச்சம். "ஞாயித்துக்கெழம போறோம் மச்சி, மதியத்துக்குள்ள கொடுவா" என்று கிளம்புகிற கூட்டத்தில் பாதி, வழியில் மீன் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பும். நாங்களும் வாங்கியிருக்கிறோம். டிரவுட் மீனுக்கு நீலகிரி அவலாஞ்சிக் குளிர் வேண்டும். வடசென்னைக்காரனுக்கு வாய்த்தது பழவேற்காடு ஏரியின் உப்பங்கழி, அதிலிருக்கும் கொடுவா, மடவை மீன்கள். அதையாவது ஒழுங்காகப் பிடிக்க வேண்டாமா?

எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று வாட்ஸ்அப்பில் நூறு மெசேஜ் ஓடும். ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, எப்போது என்று ஒருத்தனும் பார்க்க மாட்டான். இதுதான் தலையாய தவறு. கடல் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம். இந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். போன ஞாயிறு காலை ஏழுக்கு நன்றாகக் கடித்தது என்பதை நம்பி இந்த ஞாயிறும் ஏழுக்குப் போய் நின்றால் தக்கை அசையாது. தண்ணீர் ஓடும்போதுதான் சின்ன மீனும் இறாலும் அடித்துக்கொண்டு வரும், கொடுவா அதற்காகத்தான் மடையோரம் பதுங்கி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். ஓத நேரம் பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.

அடுத்தது வண்டி. மணலி, மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டாமல் இருக்க விடியுமுன் தாண்டிவிடலாம். அது பெரிய விஷயமில்லை. வினையே தார் ரோடு முடிந்த பிறகுதான். ஏரி வற்றியிருக்கும்போது கரையோரம் சிமென்ட் போட்டதுபோல் கெட்டியாகத் தெரியும். அப்படித் தெரிந்த இடத்தில்தான் நண்பனின் காரை நிறுத்தினோம். பத்தரை மணிக்கு ஒரு பெரியவர் வலையைத் தோளில் போட்டபடி வந்து, "இன்னாபா, வண்டியத் தண்ணிக்கு வுட்டுட்டீங்களா?" என்றார். திரும்பிப் பார்த்தால் முன் டயரைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர். நம் கரையில் ஓதம் உயர்வது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், ஏரிக்குள் அதைவிடக் குறைவு. ஆனால் தட்டையான கரையில் ஒரு சாண் ஏறினால் போதும். பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தான், டயர் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி தோண்டிக்கொண்டது. மிதிக்கவே கூடாது. காற்றை 32-லிருந்து 18-க்கு இறக்கி, டயருக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, கால்மிதியைப் போட்டு, மெதுவாக நகர்த்த வேண்டும். பெரியவர் கூப்பிட்ட நாலு பேர் தள்ளித்தான் எங்கள் வண்டி வெளியே வந்தது. காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும், குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது.

தூண்டில் விஷயத்தில் எல்லோரும் ராடு, ரீல் விலையைப் பேசுவார்கள். கோட்டை விடுவது தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) நுனியில். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மடவைக்குப் போடுகிற மெல்லிய தங்கூஸை ஒரு திமிறலில் அறுத்துவிட்டுப் போகும். தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு முழம் தடிமனான தங்கூஸ் கட்டுங்கள். உயிர் இறாலை வீட்டுக் குழாய்த் தண்ணீரில் போட்டு எடுத்துப்போகிறவர்களும் உண்டு. குளோரினும் நல்ல தண்ணீரும் சேர்ந்து கரை போய்ச் சேருமுன் அதைக் கொன்றுவிடும். இறாலும் அங்கேயே வாங்குங்கள், தண்ணீரும் ஏரித் தண்ணீராகவே இருக்கட்டும்.

கொடுவாவுக்குப் பதில் கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று விஷ முள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி.

ஏரி ஆழமில்லை, சராசரியாக ஒரு மீட்டர்தான் என்று தைரியமாகப் படகேறுகிறவர்கள் முகத்துவாரத்தின் இழுப்பைப் பார்த்ததில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறவே ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும். அறுந்த தங்கூஸைக் கரையில் வீசாமல் பையில் போடுங்கள். இது பறவைகள் சரணாலயம். பூநாரை காலில் சிக்கினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது.

கடைசியாக, எங்கே வேண்டுமானாலும் வீசலாம் என்ற நினைப்பு. அந்தத் தண்ணீரில் யார் எங்கே எந்த நாள் வலை போடுவது என்பதற்குப் 'பாடு' என்று தலைமுறைகளாக முறை இருக்கிறது. "அண்ணே, எந்தப் பக்கம் போட்டா உங்களுக்குத் தொந்தரவில்ல?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டியைத் தள்ளிவிட்ட அன்று, அதே பெரியவர் ஒரு பழைய படகுத்துறைக் கல்லைக் கைகாட்டினார். தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு, மூன்றாவது வீச்சில் கொடுவா. ஒன்றரைக் கிலோ. பாதியை வெட்டி அவர் வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்தோம்.