ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி தன் குடும்பத்தைப் பற்றி ஜப்பானிய மொழியில் நாலு வரி சொல்ல வேண்டியிருந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டார். "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்பதை எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் தொடங்கிய காலத்தில் இதே இடத்தில்தான் நின்றேன், அதனால்தான் எழுதுகிறேன். மறந்துபோகும் சொற்கள், உச்சரிப்புத் தடுமாற்றம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, நாம் அடிக்கடி செய்யும் தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கட்டுவது

நமக்குக் கிடைக்கும் பாடப்புத்தகங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் என்பதையெல்லாம் பெரிய அதிசயம் போல விளக்குவார்கள். தமிழில் பிறந்து வளர்ந்த நாமும் அதைப் படித்துவிட்டு, முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, அப்புறம் புரட்டிப்போடுகிறோம். இதில் எனக்கு இரண்டு வருடம் போனது. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்த மாணவி 'ஹேவ்' என்பதற்கு 'மொத்தெ இமஸ்' போட்டார். அது குடை, பேனா மாதிரிப் பொருட்களை வைத்திருப்பதற்குச் சொல்வது. வேண்டியது 'அனி க ஃபுதரி இமஸ்': அண்ணன் இரண்டு பேர் இருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் தமிழ்தான். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை நால்வருக்கும் அங்கே தனித்தனிச் சொல் உண்டு. 'பிரதர்' வழியாகப் போனால் பாதி தொலைந்துவிடும்.

'வகரிமஸ்' என்பதை 'அண்டர்ஸ்டாண்ட்' என்று படித்தவர்கள் அதற்கு முன்னால், நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' போன்ற 'ஒ' உருபைப் போட்டுவிடுவார்கள். "எனக்கு ஜப்பானிய மொழி புரியும்" என்று நினைத்துப் பாருங்கள், அங்கே 'ஐ' உருபு வராது. ஜப்பானியத்திலும் எழுவாய்க்குப் பின் வரும் 'க' தான்.

ஒருமுறை ஒரு ஜப்பானிய வீட்டில் அம்மா தட்டை நீட்டி 'தபெதெ மிதெ குதசை' என்றார். 'ஈட்', 'ஸீ', 'ப்ளீஸ்' என்று மனதுக்குள் பிரித்து, எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று விழித்தேன். அவர் சொன்னது "சாப்பிட்டுப் பாருங்கள்". அவ்வளவுதான்.

கொரெ, சொரெ, அரெ, தொரெ என்பதையும் இப்படியே படியுங்கள்: இது, உது, அது, எது. எதிரில் இருப்பவர் பக்கம் உள்ளதை 'உது' என்று இன்றும் சொல்லும் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு 'சொரெ' ஒரு நிமிட வேலை. ஆங்கிலத்தில் 'திஸ்', 'தட்' என்று இரண்டுதான் இருப்பதால் மற்றவர்கள் இங்கே திணறுகிறார்கள்.

'நீங்கள்' என்பதற்கு 'அனத'

வேண்டாம். பெயரோடு மரியாதைக்கான 'சன்' சேர்த்துக் கூப்பிடுங்கள். உங்கள் பெயருக்கு 'சன்' போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 'இமஸ்'

இங்கே தமிழ் காலை வாரும். நமக்கு ஆளும் நாற்காலியும் 'இரு' தான். அவர்களுக்கு மனிதருக்கும் விலங்குக்கும் 'இமஸ்', செடி உட்பட மற்றவற்றுக்கு 'அரிமஸ்'.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது

குறில், நெடில், இரட்டிக்கும் மெய் எல்லாம் ரோமன் எழுத்தைவிடத் தமிழில் தெளிவாக நிற்கும். உண்மைதான், நானும் அப்படித்தான் நோட்டு நிரப்பினேன். ஆனால் வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் ('தண்ணீர்', 'பந்து' இரண்டிலும் வரும் 'த' மாதிரி) நம்மிடம் ஒரே எழுத்து. 'தைககு' என்று எழுதி வைத்தால் அது பல்கலைக்கழகமா, படிப்பைப் பாதியில் விடுவதா என்று பிறகு தெரியாது. ஜப்பானியரின் அசை எழுத்தான ஹிரகனாவின் அடிப்படை எழுத்துகள் 46, முதல் இரண்டு வாரத்திலேயே எழுதிப் பழகுங்கள். அதில் இந்த இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்தின் மேல் போடும் இரண்டு சிறு கோடுகள்தான் வித்தியாசம்.