ஸ்மார்ட் கடிகாரமும் கச்சான் வெயிலும்: மின்கலத்தைக் கெடுக்கும் பழக்கங்கள்

ஸ்மார்ட் கடிகாரத்தில் சார்ஜ் நிற்பதில்லை என்று முறையிடுகிறவர் இரண்டு வெவ்வேறு குறைகளில் ஒன்றைச் சொல்கிறார். எதைச் சொல்கிறார் என்பது பெரும்பாலும் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. காலையில் நூறு வீதத்தோடு கட்டிய கடிகாரம் மாலைக்குள் இருபதுக்கு இறங்கிவிடுவது ஒரு குறை. வாங்கிய புதிதில் இரண்டு நாள் நின்ற அதே கடிகாரம், பாவனையில் எந்த மாற்றமும் இல்லாமலே, இரண்டு வருடங்களில் ஒரு பகலைக்கூடத் தாண்ட முடியாமல் போவது மற்றொரு குறை. முன்னது அன்றாடச் செலவு. அமைப்புகளை மாற்றினால் அன்றைக்கே பலன் தெரியும். பின்னது மின்கலத்தின் முதுமை; வந்துவிட்டால் எந்த அமைப்பும் அதை மீட்டுத் தராது. திருகோணமலையில் இந்த முதுமையை விரைவுபடுத்தும் முதற்காரணம் வெப்பம். நாமோ அதை விட்டுவிட்டு, இதயத்துடிப்பு உணரியை அணைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரத்துக்குள் இருப்பது தொலைபேசியில் உள்ள அதே லிதியம் அயன் வகை மின்கலம்தான். ஆனால் இன்றைய தொலைபேசிகளில் 5,000 மில்லி அம்பியர் மணி அளவுக்குக் கொள்ளளவு இருக்கையில், பல கடிகாரங்களில் அது சில நூறுகளுக்குள் அடங்கிவிடும். எனவே சிறிய இழப்பும் உடனே கண்ணில் படும். முழுவதுமாக மின்னேற்றப்பட்ட கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ற்று. அந்த நிலையில் கலத்தின் நேர், எதிர் முனைகளான மின்வாய்களுக்கும் அவற்றுக்கிடையே உள்ள கரைசலான மின்பகுபொருளுக்கும் இடையே வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். வெப்பம் ஏற ஏற அவை வேகம் பெறும். மின்வாய்களுக்கிடையே போய்வர வேண்டிய லிதியத்தில் ஒரு பங்கு மின்வாயின் மேற்படலத்தில் சிக்கி, பிறகு எதற்கும் உதவாமல் போகும். கொள்ளளவு குறைகிறது என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

அப்பிள் நிறுவனம் தன் பெரும்பாலான கடிகாரங்களைப் பாவிக்கப் பரிந்துரைக்கும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையாகும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே நிழலிலேயே 35 பாகையைத் தாண்டுவது புதினமில்லை. அப்படியிருக்க, வெயிலில் நிற்கும் காரின் முன்தட்டும் மோட்டார் சைக்கிளின் பெட்டியும் எவ்வளவு கொதிக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலாவெளியில் கடலில் குளிக்கப் போன ஒரு நாள், உப்புத்தண்ணீர் படக்கூடாது என்ற கவலையில் கடிகாரத்தைக் கழற்றி, துவாயில் சுற்றி, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது கையில் பிடிக்க முடியாத சூடு. திரை கறுத்துக் கிடந்தது. நிழலில் அரைமணி நேரம் ஆறிய பிறகே அது மீண்டும் இயங்கியது. கடலில் நீந்தத் தக்கதாகவே செய்யப்பட்ட அந்தக் கடிகாரத்தைக் கையிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வெயிலில் நடந்தாலும் நம் தோல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பூட்டிய பெட்டிக்கு அந்த வசதி இல்லை. சூடேறிய கடிகாரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஆற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே ஈரம் படியக்கூடும்.

மின்னேற்றும்போதும் கலம் சூடாகும்; காந்த வட்டில் வைத்துக் கம்பியின்றி மின்னேற்றும் வகைகளில் சூடு இன்னும் கூடுதல். ஆகவே மதிய வெயிலில் வீடு திரும்பியவுடன், உடல் வெப்பம்கூடத் தணியாத நிலையில், கடிகாரத்தைக் கழற்றி நேரே மின்னேற்றியில் வைப்பதும், யன்னல் விளிம்பிலோ தலையணைக்கு அடியிலோ வைத்து மின்னேற்றுவதும் தவிர்க்க வேண்டியவை. கால்மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே கிடந்த பிறகு ஏற்றினால் குடி முழுகிப் போகாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு பழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அந்த வருடம் மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டபோது, மின்சாரம் வந்ததும் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் செருகி நூறு வீதம் ஆக்கிக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருந்தது. மின்வெட்டுப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எண்பது வீதம் இருக்கும் கடிகாரத்தை இரவு முழுவதும் மின்னேற்றியிலேயே விட்டுவிடுகிறோம். நிறைந்ததும் கருவி தானாக மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் வெப்பமான அறையில் நிறைந்த நிலையிலேயே மணிக்கணக்காக இருப்பதுதான் கலத்துக்குப் பிடிக்காத நிலை. எண்பது வீதத்துக்கு மேல் ஏற்றுவதைத் தாமதிக்கும் உகந்த மின்னேற்றம், எண்பது வீத வரம்பு போன்ற வசதிகள் உங்கள் கடிகாரத்தில் இருந்தால் அவற்றை இயக்கி வையுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறு, கடிகாரம் அணைந்துபோகும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு மின்னேற்றுவது. பழைய நிக்கல் கட்மியம் கலங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, அந்தக் கலங்கள் வழக்கொழிந்த பின்னும் நம் வீட்டுப் பெரியவர்களின் நாவில் உயிரோடிருக்கிறது. லிதியம் கலத்துக்கு அது பொருந்தாது. ஐம்பது வீதம் இருமுறை செலவழித்தால்தான் ஒரு முழுச் சுற்று என்று கணக்காகும். அடிக்கடி சிறிதாக ஏற்றுவதால் சுற்றுகள் கூடுவதில்லை. அப்பிள் தன் கடிகாரக் கலங்கள் 1,000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 வீதம் வரை தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்றுச் செலவழிப்பவருக்கு அந்த ஆயிரம் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும்; இரண்டு நாளுக்கு ஒன்று என்று செலவழிப்பவருக்கு ஐந்து வருடத்தைத் தாண்டும். அன்றாடச் செலவும் முதுமையும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய பழைய கடிகாரத்தை, ‘பிள்ளை வளர்ந்த பிறகு கட்டட்டும்’ என்று அலுமாரிக்குள் வைப்பவர்கள் அதை வெறுமையாகவும் வைக்கக்கூடாது, நிறைத்தும் வைக்கக்கூடாது. ஏறத்தாழ ஐம்பது வீதத்தில் அணைத்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சிறிது ஏற்ற வேண்டும். முற்றாக வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்த கலம் பிறகு மின்னேற்றத்தை ஏற்காமலே போகலாம்.

அன்றாடச் செலவில் முதலிடம் திரைக்கே. ஓலெட் வகைத் திரையில் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள் உண்மையில் அணைந்திருப்பவை. எனவே கறுப்புப் பின்னணி கொண்ட எளிய முகப்பு மின்னை மிச்சப்படுத்தும், வெள்ளைப் பின்னணியும் அசையும் படங்களும் செலவழிக்கும். எப்போதும் ஒளிரும் திரை வசதியை அணைப்பது பெரிய மிச்சம். கையைத் தூக்கினால் திரை விழிக்கும் வசதி, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் துவிச்சக்கரவண்டி மிதிக்கும்போதும் காரணமில்லாமல் அடிக்கடி விழிக்க இடம்தரும். வெயிலில் அப்படி விழிக்கும் திரை உச்ச ஒளிர்வோடுதான் விழிக்கும். அடுத்தது வட்ஸ்அப். ஊர்ச் சங்கம், பழைய மாணவர், குடும்பம் என்று ஐந்தாறு குழுக்களின் காலை வணக்கப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு அதிர்ந்து திரை ஒளிர வேண்டியதில்லை.

பட்டியைத் தளர்வாகக் கட்டுவது பலர் கவனிக்காத ஒரு தவறு. இங்குள்ள புழுக்கத்தில் வளையல் போலத் தொங்கவிடுவதே சுகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதயத்துடிப்பு உணரி பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கிறது. தொடர்பு சரியில்லாதபோது ஒளியைக் கூட்டியும் அளவீடுகளை அடிக்கடி எடுத்தும் ஈடுகட்டப் பார்க்கும் கடிகாரங்கள் உண்டு. அளவும் தவறும், மின்னும் வீணாகும்.

ஜிபிஎஸ்ஸின் செலவும் சிறிதன்று. கோட்டை வாசலில் தொடங்கி மான்களைக் கடந்து கோணேசர் கோயில் வரை தினமும் ஒரே பாதையில் நடப்பவருக்கு, அந்தப் பாதையை நாள்தோறும் வரைபடத்தில் பதிவதால் என்ன பயன்? அடி எண்ணிக்கை போதும். தொலைபேசியின் மின்னை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதன் புளூடூத்தை அணைப்பதும் வீண் வேலை; துண்டிக்கப்பட்ட கடிகாரம் தொடர்பைத் தேடிக்கொண்டிருக்கும், அந்தத் தேடலுக்கும் மின் வேண்டும். மென்பொருள் புதுப்பித்த ஓரிரு நாட்களில் சார்ஜ் வேகமாக இறங்கினால், பின்னணி வேலைகள் முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

கடலில் குளித்த பின் கடிகாரத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும். பின்புற உலோக முனைகளில் உப்பு படிந்தால் அரிப்பு ஏற்பட்டு மின்னேற்றம் தடைப்படும். குளிக்கும்போது, திரையின் தொடுஉணர்வை நிறுத்திவைக்கும் நீர்ப்பூட்டு வசதியை இயக்கினால் துளிகள் திரையைத் தொட்டு எழுப்புவதும் நிற்கும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது கழற்றி நிழலில் வையுங்கள். நீர்புகாமை என்பது வெந்நீருக்குத் தரப்பட்ட உத்தரவாதமன்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் திரையின் ஓரம் மேலெழுந்தாற்போல் தெரிந்தால், உள்ளே கலம் வீங்கியிருக்கக்கூடும். அதை அழுத்தவோ நெம்பவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. கழற்றிவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கலத்தை மாற்றித் தருபவரிடம் நீர்த்தடுப்பு ஒட்டும் புதிதாக இடப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கடிகாரத்தோடு இனிக் கடலுக்குள் இறங்க வேண்டாம்.