பெயர்ப்பலகையை நம்பி வரலாறு எழுதலாமா? நெடுஞ்சாலை ரோந்துப் படைக் கட்டடங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பழைய நெடுஞ்சாலை ஒன்றில் போனால் எங்காவது இப்படி ஒரு கட்டடம் கண்ணில் படும். செங்கல் சுவர், முன்னால் கொடிக்கம்பம், பின்னால் கம்பிக் கோபுரம், பக்கவாட்டில் நாலைந்து ரோந்து கார்கள். படம் எடுப்போம். கீழே ‘1905-ல் கட்டப்பட்ட மாநிலக் காவல் நிலையம்’ என்று எழுதிப் போட்டுவிடுவோம். நானும் இப்படி எழுதியவன்தான். அந்த ஒரே வரியில் மூன்று தவறுகள் இருக்க வாய்ப்பு உண்டு என்பது பின்னால்தான் உறைத்தது.

முதல் தவறு அந்த ஆண்டு. 1905 மாநிலக் காவல் படை பிறந்த ஆண்டு, கட்டடம் பிறந்த ஆண்டல்ல. 1902-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் மாநிலத்தையே உலுக்கியது. அப்போது சுரங்க முதலாளிகளின் கையாளாக இருந்த தனியார் போலீஸ்மீது யாருக்கும் நம்பிக்கை இல்லை. அதனால் ஆளுநர் சாமுவேல் பென்னிபேக்கர் 1905 மே மாதத்தில் ஒரு மாநிலப் படைக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். மொத்தம் 228 பேர், குதிரைப்படை. கிரீன்ஸ்பர்க், வில்க்ஸ்-பேரி, ரெடிங், பங்ஸடானி என்று நான்கு ஊர்களில் ஊருக்கொரு ‘டிரூப்’, அதாவது படைப்பிரிவு.

படை தொடங்கினால் கட்டடமும் கூடவே எழும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அப்படியல்ல. முதலில் ஆள் வருவான், அப்புறம் கூரை தேடுவான், சொந்தக் கட்டடம் கடைசியில்தான். இந்தப் படையின் பயிற்சிப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் நியூவில் என்ற சிற்றூரில், ஒரு ஹோட்டல் கட்டடத்தில் தொடங்கினார்கள். 1924-ல் அது ஹெர்ஷிக்குப் போனது. ஆமாம், அதே சாக்லேட் ஊர்தான். இன்றைய பயிற்சிக் கழகம் திறந்தது 1960-ல். நியூவில் ஹோட்டலை ‘போலீஸ் பயிற்சிக்காகக் கட்டிய கட்டடம்’ என்று எழுதினால் அதைக் கட்டிய ஹோட்டல்காரர் ஆவியாக வந்து சண்டை போடுவார்.

டெக்சாஸிலும் இதே கதை. அங்கே நெடுஞ்சாலை ரோந்துப் படையையும் டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற பழைய காவல் படையையும் சேர்த்து 1935-ல் பொதுப் பாதுகாப்புத் துறை என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைமையகம் ஆஸ்டினில் உள்ள கேம்ப் மேப்ரியில் உட்கார்ந்தது. அந்த முகாமோ 1890களிலேயே மாநிலத் தன்னார்வப் படைக்காக உருவானது. குடிவந்தவர் பெயரை வீடு கட்டியவர் பெயராக எழுதிவிடக்கூடாது.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. பென்சில்வேனியா பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான். நெடுஞ்சாலை ரோந்துப் படையும் மாநிலக் காவல்துறையும் ஒன்று என்று நினைப்பது. 1923 முதல் 1937 வரை அந்த மாநிலத்தில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. மாநிலக் காவல்துறை பழையது, குதிரை ஏறியது. நெடுஞ்சாலை ரோந்துப் படை நெடுஞ்சாலைத் துறையின் கீழ் வந்தது, மோட்டார் சைக்கிள் ஏறியது. 1937-ல் இரண்டையும் இணைத்து ‘பென்சில்வேனியா மோட்டார் போலீஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1943-ல்தான் பழைய பெயர் திரும்ப வந்தது. ஆக, 1930-ல் எடுத்த ஒரு புகைப்படத்தின் கீழே ‘மாநிலக் காவல்துறை’ என்று எழுதும் முன், அது எந்தப் படையின் கட்டடம் என்று பார்த்தாக வேண்டும். 1940-ல் எடுத்த படத்துக்கு அந்தப் பெயரே பொருந்தாது.

எப்படிப் பார்ப்பது? முகப்பை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போங்கள். குதிரைப்படைக்கு லாயம் வேண்டும். லாயத்துக்கு மேல்தளத்தில் வைக்கோல் பரண், அந்தப் பரணுக்கு வெளியிலிருந்து வைக்கோல் ஏற்ற ஒரு கதவு, கீழே வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். பின்னாளில் அதை கார் ஷெட்டாக மாற்றியிருந்தால் கீழ்வாசலை இடித்து அகலப்படுத்தியிருப்பார்கள். மேலே அந்தப் பரண்கதவு மட்டும் செங்கல் வைத்து அடைபட்டு, சதுரத் தழும்பு மாதிரி நிற்கும். மோட்டார் சைக்கிள் படைக்கென்றே கட்டிய கொட்டகையில் அந்தத் தழும்புக்கு வேலையே இல்லை. இது மட்டுமே முடிவான சாட்சி ஆகிவிடாது, வேறு யாருடைய லாயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வைக்கும்.

அடுத்தது சொல். பென்சில்வேனியாவில் இந்த நிலையங்களை மக்கள் ‘பாரக்ஸ்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது கை தானாக ‘ராணுவ முகாம்’ என்று எழுதிவிடும். ராணுவம் அங்கே இல்லை. படையின் முதல் தலைவர் ஜான் குரூம் அயர்லாந்தின் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியைப் பார்த்துத்தான் தன் படையை வடிவமைத்தார். அந்த ஐரிஷ் போலீஸ், நிலையத்தையே பாரக்ஸ் என்றுதான் அழைக்கும். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, ஊர்க்காரர்களோடு அதிகம் ஒட்டாமல் வேலை பார்ப்பது அந்த முறை. இந்தியாவில் ஆங்கிலேயர் அமைத்த போலீசுக்கும் அதே ஐரிஷ் படைதான் முன்மாதிரி, நம் ஊர் ‘போலீஸ் லைன்’ நினைவுக்கு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் கட்டடமும் தவறாகப் புரியும். மாடியில் வரிசையாக அறைகளைப் பார்த்து ‘கைதிகளை அடைத்த அறைகள்’ என்று எழுதியவர்கள் உண்டு. அங்கே படுத்தது போலீஸ்காரர்தான். ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்களையே சேர்த்தார்கள். அதனால் பழைய பாரக்ஸில் சமையலறையும் சாப்பாட்டு அறையும் இருக்கும், குடும்பத்துக்கான இடம் இருக்காது. பெண்கள் முதன்முதலாகப் பயிற்சி முடித்து டிரூப்பர்களாக வெளியே வந்தது 1972-ல். அதற்கு முந்தைய வரைபடங்களில் அவர்களுக்கென்று ஓர் உடைமாற்றும் அறையைத் தேடினால் கிடைக்காது. பின்னால் ஒட்டவைத்த அறைகள் எவை என்று கண்டுபிடிக்க இதுவே ஒரு நல்ல வழி.

எல்லா மாநிலத்திலும் பாரக்ஸ் என்றே சொல்வார்கள் என்றும் எண்ண வேண்டாம். மிச்சிகன், ஒஹாயோ, ஜார்ஜியாவில் ‘போஸ்ட்’. கலிபோர்னியாவில் வெறும் ‘ஆபீஸ்’. உள்ளூர்ச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. எண்களிலும் கவனம் தேவை. போஸ்ட் எண் படைப்பிரிவைச் சேர்ந்தது, சுவரைச் சேர்ந்ததல்ல. ஆட்கள் புதுக் கட்டடத்துக்குப் போனால் எண்ணும் பெட்டி படுக்கையோடு கூடவே போய்விடும்.

கல் கட்டடமாக, 1930களைச் சேர்ந்ததாகத் தெரிந்தால் உடனே ‘அதிபர் ரூஸ்வெல்ட்டின் வேலைத்திட்ட அமைப்பான டபிள்யூபிஏ கட்டியது’ என்று எழுதுவது ஒரு தொற்றுநோய். அந்தக் காலத்தில் மத்திய அரசின் பணம் பல குழாய்கள் வழியாக வந்தது. 1933-ல் தொடங்கிய பிடபிள்யூஏ என்ற பொதுப்பணி அமைப்பு, நிதி கொடுத்து ஒப்பந்தக்காரர்கள் மூலம் கட்டவைத்தது. 1935-ல் வந்த டபிள்யூபிஏ வேலையில்லாதவர்களை நேரடியாகக் கூலிக்கு வைத்தது. இவை தவிர, மாநிலமே தன் கைக்காசில் கட்டியதும் உண்டு. ஓக்லஹோமாவில் சாண்ட்லர் ஊர் ஆயுதக்கிடங்கு டபிள்யூபிஏ கட்டிய அருமையான கல் கட்டடம்தான், ஆனால் அது தேசியக் காவல்படை (நேஷனல் கார்டு) என்ற ராணுவப் படைக்காகக் கட்டியது. பக்கத்து ஊரில் அதே நிறக் கல்லில் ஒரு போலீஸ் கட்டடம் இருந்தால் அதுவும் அதே திட்டத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் கல் ஒரே குவாரியிலிருந்து வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு வேறு. சாலையை விட்டுவிட்டு நிலையத்தின் வரலாற்றை எழுதுவது. நெடுஞ்சாலை ரோந்துக் கட்டடம் ஊருக்காக அங்கே நிற்கவில்லை, சாலைக்காக நிற்கிறது. சாலை நகர்ந்தால் அதுவும் நகரும். 1940 அக்டோபர் 1-ம் தேதி பென்சில்வேனியா டர்ன்பைக் திறந்தது. எர்வின் தொடங்கி கார்லைல் பக்கம்வரை 160 மைல், கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையின் சுரங்கங்கள் வழியாகப் போட்ட சுங்கச்சாலை. அதுவரை மலை ஏறி இறங்கிய போக்குவரத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பியது. இன்றும் அந்தச் சாலைக்கென்றே ‘டிரூப் டி’ (Troop T) என்று தனிப் பிரிவு உண்டு. 1956-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுக்க மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. ஊர் நடுத்தெருவில் நின்ற நிலையங்கள் பல, சாலைச் சந்திப்புகளின் பக்கமாக இடம் மாறின. பழைய கட்டடம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து ‘அரசு கைவிட்டது’ என்று எழுதுகிறோம். படை எங்கேயும் போய்விடவில்லை, மூன்று மைல் தள்ளி இருக்கிறது.

மூடியதற்குக் காரணமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மிச்சிகனில் 2011-ல் 62 போஸ்ட்களை 29 ஆகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். பணநெருக்கடி ஒரு காரணம், காரிலேயே கணினி வந்துவிட்டது இன்னொன்று. கலிபோர்னியாவில் நிலநடுக்கம். அங்கே 1986-ல் வந்த சட்டம், தீயணைப்பு நிலையங்களோடு நெடுஞ்சாலை ரோந்து அலுவலகங்களையும் அத்தியாவசியக் கட்டடங்கள் பட்டியலில் சேர்த்தது. ஊரே குலுங்கினாலும் மறுநாள் காலை அவை வேலை செய்யவேண்டும். அந்தத் தரத்துக்குப் பழைய கட்டடத்தைப் பலப்படுத்துவதைவிடப் புதிதாகக் கட்டுவது மேல் என்று முடிவெடுப்பது உண்டு.

அப்புறம் அந்தக் கம்பிக் கோபுரம். படம் எடுப்பவர்கள் அழகைக் கெடுக்கிறது என்று அதை வெட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வீட்டை வெட்டிவிட்டுக் கோபுரத்தை வைத்துக்கொள்ளலாம். ரேடியோ வருவதற்கு முன்னால், ரோந்தில் இருப்பவரைத் திரும்பக் கூப்பிடச் சில மாநிலங்களில் வழியோரக் கடை வாசலில் கொடி ஏற்றிவைப்பார்கள். அதைப் பார்த்தவர் நிறுத்தி, கடைத் தொலைபேசியில் நிலையத்தைக் கூப்பிடுவார். 1930-ல் மிச்சிகன் மாநிலக் காவல்துறை ஈஸ்ட் லான்சிங்கில் சொந்த வானொலி நிலையம் தொடங்கியது. அப்போதும் காருக்குள் கேட்கத்தான் முடியும், பதில் பேச முடியாது. இருவழிப் பேச்சு வந்த பிறகுதான் நிலையங்களை இன்னும் தள்ளித் தள்ளி வைக்க முடிந்தது. கோபுரம் என்று வந்தது என்று தெரிந்தால், பக்கத்திலிருக்கும் கட்டடம் ஏன் அந்த அளவில், அந்த மேட்டில் இருக்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

இனி ஆவணம் தேடும்போது செய்யும் தவறுகள். சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள், கல் கட்டடம் நீலம். பார்க்க அழகு, விவரமும் ஏராளம். ஆனால் அவை ஊருக்குள் இருப்பதைத்தான் காட்டும். ஊருக்கு வெளியே, வயல்காட்டு ஓரத்தில் கட்டிய நிலையம் அதில் இல்லை என்றால் ‘அப்போது கட்டடமே இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். அடிக்கல்லில் இருக்கும் ஆண்டு வேலை தொடங்கிய ஆண்டு. திறப்பு விழா அதற்கு அடுத்த ஆண்டாக இருக்கலாம், பணம் ஒதுக்கியது அதற்கு முந்தைய ஆண்டாக இருக்கலாம்.

கவுன்டி (மாவட்ட) அலுவலகத்தில் பத்திரங்களைத் தேடுகிறவர்கள் ‘ஸ்டேட் போலீஸ்’ என்ற பெயரில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று வெறுங்கையோடு வருகிறார்கள். பென்சில்வேனியாவில் அரசு நிலம் வாங்கினால் வாங்குபவர் பெயர் ‘காமன்வெல்த் ஆஃப் பென்சில்வேனியா’. அந்தப் பெயரில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் இருந்தது வாடகைக்குத்தான் என்று சந்தேகிக்கலாம். அப்போது தேட வேண்டியது வீட்டுக்காரரின் பெயரை. இத்தனையும் பார்த்த பிறகு நான் அன்று எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான்: ‘யாரோ ஒருவர் கட்டிய வீடு, பிறகு போலீஸ் குடிவந்தது, கோபுரம் அதற்கும் பிறகு.’