ஓய்வுக்காலத்தில் உடையும் குழாய்: செலவை இரட்டிப்பாக்கும் தவறுகள்

குழாய் வெடித்தால் அதை ஒட்டுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறியதுதான். ஓர் இணைப்பு, கொஞ்சம் புதுக் குழாய், சில மணி நேரக் கூலி. பெரிய தொகை வேறு இடங்களிலிருந்து வருகிறது. வால்வை மூடத் தெரியாமல் ஓடவிட்ட தண்ணீர், அதில் ஊறி உப்பிய கதவும் அலமாரியும், பதற்றத்தில் முதலில் கிடைத்த ஆள் கேட்ட கூலி. வேலைக்குப் போன காலத்தில் இதையெல்லாம் அடுத்த சம்பளத்தில் சமாளித்தோம். ஓய்வூதியத்திலோ சேமிப்பின் வட்டியிலோ வாழ்கிறவருக்கு அடுத்த மாதமும் அதே தொகைதான் வரும். ஆகவே குழாயை விட, குழாய் உடைவதற்கு முன்பும் உடைந்த முதல் மணி நேரத்திலும் செய்கிற தவறுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வால்வு எங்கே என்று ஒருவருக்கு மட்டும் தெரிவது

பல வீடுகளில் தண்ணீர் சம்பந்தப்பட்ட அறிவு முழுவதும் ஒரே தலைக்குள் இருக்கிறது. அவர் மருத்துவமனையில் இருக்கும் வாரத்தில்தான் குழாய் வெடிக்கும். வீட்டில் மீதி இருப்பவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பிரதான வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் கையால் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லிக் கேட்டால் போதாது.

திருப்பிப் பார்ப்பதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய வீடுகளில் உள்ள வட்டக் கைப்பிடி கொண்ட கேட் வால்வு, ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் உள்ளே உப்பும் துருவும் படிந்து இறுகிவிடும். அவசரத்தில் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் தண்டு முறியும். அப்புறம் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை மெதுவாக மூடித் திறந்தால் போதும். முழுதாகத் திறந்த பின் கால் சுற்று பின்னால் திருப்பி விடுவது நல்ல பழக்கம். மூடிய பின் வீட்டுக்குள் ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் நீர் முற்றிலும் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த வால்வு வெறும் அலங்காரம். அதை ஒரு சாதாரண நாளில், பகல் நேரத்தில், பேரம் பேச நேரம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வாக (ball valve, உள்ளே உருண்டை சுழன்று மூடும் வகை) கேட்டு வாங்குங்கள். கால் சுற்றில் மூடிவிடும், மூட்டுவலி உள்ள விரல்களுக்கும் அது எளிது.

மேல்நிலைத் தொட்டி உள்ள வீடுகளில் ஒரு குழப்பம் வரும். வெளியிலிருந்து வரும் நீரை மூடிவிட்டு, இன்னும் ஏன் கொட்டுகிறது என்று திகைத்து நிற்பார்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்குத் தனி வால்வு உண்டு. அது மொட்டை மாடியில், ஏணி ஏறி எட்டும் இடத்தில் மட்டும் இருந்தால், கீழே ஒன்று கூடுதலாகப் பொருத்துவது வீண் செலவு அல்ல. எந்த வால்வு எதை மூடும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

முதல் சில நிமிடங்கள்

தண்ணீரைப் பார்த்ததும் துடைக்க ஓடுவது இயல்பு. ஆனால் வரிசை வேறு. முதலில் வால்வு. நீர் பிளக் பாயின்ட் பக்கமோ விளக்குப் பக்கமோ போயிருந்தால் மின்சாரத்தின் மெயின் சுவிட்ச். அந்த சுவிட்சுக்குப் போகும் வழியே ஈரமாக இருந்தால் அங்கே கால் வைக்காமல் மின்பணியாளரையோ மின்வாரியத்தையோ அழையுங்கள். கீசரையும் அணைத்துவிடுங்கள். அதன் உள்தொட்டி காலியாகி ஹீட்டர் கம்பி வெறுமனே சூடேறினால் அதுவும் எரிந்து போகும். பிறகு தரைத்தளத்தில் உள்ள ஒரு குழாயைத் திறந்து விட்டால், குழாய்களில் மிச்சமிருக்கும் நீர் உடைந்த இடத்தில் கொட்டாமல் அங்கே வடியும்.

துடைப்பதற்கு முன் கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பொதுவாகக் காப்பீடு திடீரென நேர்ந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். மாதக்கணக்கில் கசிந்து சுவர் ஊறியதைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடும். ஈரமான பொருள்களை அன்றைக்கே காற்றோட்டத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராத இடத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

ஸ்டூல் மேல் ஏறிக் கசிவைத் தேடுவது மட்டும் வேண்டாம். ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், அந்தச் செலவின் முன் எந்தப் பிளம்பரின் கூலியும் ஒன்றுமே இல்லை.

சொட்டுதானே என்று விடுவது

நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு சுமார் கால் மில்லிலிட்டர். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆக, தினமும் 20 லிட்டருக்கு மேல் போகிறது. காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு வாஷர்.

சொட்டு கண்ணுக்காவது தெரியும். கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கின் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்தால் ஓசையே இல்லாமல் நீர் ஓடிக்கொண்டிருக்கும். டேங்க்கில் சில துளி உணவு நிறம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அந்த ரப்பரை மாற்ற வேண்டும். நீர் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது.

என் பார்வையில் வீட்டிலேயே அதிகம் ஏமாற்றுவது வாஷ்பேசினுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் போகும் வளையும் குழாய்தான். வெளியே பளபளக்கும் எஃகுப் பின்னல், உள்ளே ரப்பர். ரப்பர் மூப்படைவது வெளியே தெரியாது. பின்னலில் ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ, நுனியில் துரு தெரிந்தாலோ, எங்காவது உப்பியிருந்தாலோ உடனே மாற்றுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் மாற்றுவது நல்லது. ஊருக்குப் போகும்போது பிரதான வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

அடைப்புக்கு ரசாயனம் ஊற்றுவது பற்றி ஒரே வார்த்தை: ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றாதீர்கள். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில், வயதான நுரையீரலுக்கு அது பெரிய ஆபத்து. ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால், வேலைக்கு வருகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கை வைக்கப் போவது அவர்.

பழுதை எதிர்பாராத செலவு என்று நினைப்பது

மாத வரவு செலவு சரியாக இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்தக் கணக்கில் கீசர் இருக்காது, மோட்டார் இருக்காது, கூரை இருக்காது. இவை உடையும் நாள்தான் தெரியாது, உடையும் என்பது தெரிந்ததே. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் விதி ஒன்று உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நிலத்தின் விலை ஏறினால் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்காது. அதைவிட, பெரிய பொருள்களின் வயதை ஒரு தாளில் எழுதுங்கள். கீசர் 8 ஆண்டு ஓடியிருக்கிறது, 12 வரை ஓடலாம் என்றால் மீதி 48 மாதம். புதியதற்கு ஆகும் செலவை 48ஆல் வகுத்தால் மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாதியில் உடைத்தால் வட்டி இழக்கும் வைப்புநிதியிலோ, விலை இறங்கிய நாளில் விற்க நேரும் பங்குகளிலோ இருந்தால் பழுதுக்கு இருமுறை செலவு செய்கிறீர்கள்.

வந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது

இரவு 11 மணிக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போதைக்குக் கசிவை நிறுத்திக் கொடுங்கள், மற்றதைப் பகலில் பேசுவோம். வருகைக் கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய வேலை என்றால் கூலி தனி, பொருள் தனியாக எழுதி வாங்குங்கள். இன்னொருவரிடமும் மதிப்பீடு கேளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது எப்போதும் ஏமாற்று அல்ல. 40, 50 ஆண்டு பழைய துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். காலையில் முதலில் வரும் நீர் பழுப்பாக இருந்து, அழுத்தமும் குறைந்து, ஒரே ஆண்டில் இரண்டாவது இடத்தில் கசிந்தால், ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் அதிகச் செலவு. பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று இந்த முடிவை மறைத்துத் தனியாகத் திணறுகிறவர்கள் உண்டு. கசிவைப் பார்க்காமலே போனில் தீர்ப்புச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மதிப்பீட்டையும் படங்களையும் அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

அப்படிக் குளியலறைச் சுவரை உடைக்கத்தான் வேண்டும் என்றால், பூசி மூடுவதற்கு முன் கைப்பிடிக் கம்பிக்கான உறுதியான பிடிப்பையும் பொருத்தச் சொல்லுங்கள். திருகும் குழாய்களுக்குப் பதில் நெம்புகோல் பிடி உள்ளவற்றை அப்போதே போட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் செய்தால் இதே வேலைக்கு இன்னொரு முறை உடைப்பும் பூச்சும் ஆகும்.